மூன்று பேர், ஆறு மணி

ஜனவரி 14, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

இதற்கு முன்பும் மாட்டியிருக்கிறேன், ஆனால் அதெல்லாம் நான் செய்ததற்கு. புத்தாண்டு விவகாரம் மாதிரி. பழைய வருஷத்தை வழியனுப்ப, தேவாலயக் கோபுரத்து மணிகளின் நாக்கில் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டி அடிப்போம். ஓர் அடி கணீர், மறு அடி எங்கோ தூரத்தில் முனகல். வருஷம் பிறந்ததும் யாராவது மேலே ஏறித் தோலை அவிழ்க்க வேண்டும். இந்த முறை ஏறியது நான். ஐந்து மணிகளில் ஒழுங்காக அவிழ்த்தேன். ஆறாவது, பெரிய மணி, துர்லோவுடையது. அதற்கு மட்டும் மறுபக்கமும் கட்டிவிட்டு இறங்கிவிட்டேன். துர்லோ எங்கள் கோபுரத்தில் மணியடிப்பவர்களின் தலைவர். பாவம், வியர்க்க விறுவிறுக்க இழுக்கிறார், சத்தமே இல்லை. "டெஸ், எனக்குக் காது போச்சாப்பா?" என்று என் அப்பாவிடம் கேட்டார்.

ஈஸ்டர் வரை கயிற்றைத் தொடக்கூடாது என்று தீர்ப்பு. சரி. செய்தேன், வாங்கினேன்.

இன்றைக்கு மாட்டியது செய்யாத ஒன்றில்.

செவ்வாய்க்கிழமையில் மீனும் சிப்ஸும் வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. அப்பா வினிகரை மூன்று தடவை ஊற்றினார். அம்மா ஒரு சிப்ஸை நாலாக நறுக்கினாள். சிப்ஸை யாராவது கத்தியால் நறுக்குவார்களா?

"ப்ரை, அப்பாவுக்கு இப்ஸ்விச்சுல ஒரு ஃப்ளாட் கிடைச்சிருக்கு. ஈஸ்டருக்கு அங்க போயிடறேன்" என்றார் அப்பா. "நான் மட்டும்."

"யார் மேலயும் தப்பு இல்லடா" என்றாள் அம்மா.

"அப்போ நான் யாரைத் திட்டறது?"

அடுத்த பத்து நிமிஷம் அவர்கள் ஒருவருக்கொருவர் உப்பை நகர்த்திக்கொண்டு "தேங்க்ஸ்", "பரவால்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அம்மா சொன்னாள்: "அதுக்குள்ள நாம மூணு பேரும் கைமணியில ஒரு கால் பீல் அடிச்சிடணும். நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து சொல்லிட்டிருக்கோம்." கால் பீல் என்றால் ஆயிரத்து இருநூற்று அறுபது வரிசைகள், வரிசைக்கு வரிசை ஆறு மணிகளும் ஒலிக்கும் முறை மாற, நிறுத்தாமல். ஆளுக்கு இரண்டு கை, கைக்கு ஒரு மணி, ஆறு மணிக்கு மூன்று பேர். அவர்கள் இருவரும் காலேஜில் சந்தித்ததே இப்படித்தான். மூன்றாவதாக யாரோ இருந்திருக்கிறான். இப்போது அந்த நாற்காலி எனக்கு.

"அதை அடிச்சிட்டுத்தான் போவேன். சத்தியமா" என்றார் அப்பா.

"அடிக்க முடியலன்னா?"

"சிப்ஸ் ஆறுது, சாப்பிடு."

ஜனவரி 15

அடிக்க முடியலன்னா? அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 21, செவ்வாய்

முதல் பாடம். சமையலறையிலிருந்து மூன்று நாற்காலிகள் முன்னறைக்கு வந்தன. சோபாவில் உட்காரக் கூடாதாம். கை வைத்த நாற்காலியும் ஆகாது, மணியை இறக்கும்போது முட்டும். ஆக, கை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து கையால் கால் அடிக்க வேண்டும். இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவனுக்கு உடம்பில் எதுவும் சரியான இடத்தில் இருந்திருக்காது.

அடிக்கப்போவதன் பெயர் ப்ளெயின் பாப் மைனர். பாப் யார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

"முகத்துல எதுவுமே இல்லாத ஆளா இருந்திருப்பார், அதான் ப்ளெயின்."

"வாயை மூடிட்டு மணியை எடு" என்றாள் அம்மா.

"மைனர்னா? என்னை மாதிரி பதினெட்டு ஆகாத பாப்பா?"

"ஆறு மணின்னா மைனர். எடு."

என் வலது கையில் ஒன்றாம் மணி, ட்ரெபிள். இடது கையில் இரண்டாம் மணி. மூன்றும் நாலும் அம்மாவுக்கு, ஐந்தும் ஆறும் அப்பாவுக்கு. "ட்ரபிளுக்கு ட்ரெபிள், பொருத்தம்தான்" என்றார் அப்பா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அதை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

கோபுரத்தில் இரண்டு கைக்கு ஒரு மணி. வருஷக்கணக்கில் அப்படி அடித்துவிட்டேன். இங்கே ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு பாதை. ஒன்று முன்னாலிருந்து பின்னால் போகிறது, மற்றது பின்னாலிருந்து முன்னால் வருகிறது, நடுவில் இரண்டும் குறுக்கே கடக்கின்றன. கடக்கும் அந்த இடத்தில்தான் எல்லாரும் விழுவார்களாம். எந்தக் கை எந்தப் பாதையில் இருந்தது என்பது மறந்துபோய், வலது இடதின் வழியில் போய்விடும். வெளியே கேட்பவனுக்கு இசை சரியாகவே இருக்கும், ஆனால் அது பொய். அப்படி மாறியதைப் பிடித்து உடனே திருத்தாவிட்டால் அந்தக் கால் பீல் கணக்கில் சேராது. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாதுதான். ஆனாலும் மணியடிப்பவர்கள் சேர்க்கமாட்டார்கள். கிறுக்குகள்.

ஆரம்பித்த பிறகு பேசக்கூடாது. நடத்துபவர் மட்டும் பேசலாம், அது அம்மா. அவள் "பாப்" அல்லது "சிங்கிள்" என்று குரல் கொடுத்தால் வரிசை திசைமாறும். முடிந்ததும் "அவ்வளவுதான்" என்பாள். பிறகு "நில்" என்பாள். அவள் "நில்" சொல்லும்வரை யாரும் மணியை வைக்கக் கூடாது.

மூக்கு அரித்தது.

"அரிக்கட்டும்" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து.

பிப்ரவரி 2, ஞாயிறு

மழை. கீழ்வயலில் தண்ணீர் நிற்கிறது, பாலத்துப் பாதையை மூடிவிட்டார்கள். என் தோழி இம்மி வீட்டுக்குப் போக முடியாது. முன்னறை ஜன்னல் ஈரத்தில் உப்பிப்போய்த் திறக்க மாட்டேன் என்கிறது. வீடுகளுக்குத் திருட்டு அலாரம் பொருத்துவதுதான் அப்பாவின் வேலை. ஊரில் பாதி வீட்டுக் கதவுக்குக் காவல் வைத்தவர், சொந்த வீட்டு ஜன்னலைத் திறக்கத் தெரியாமல் முட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்று ஒன்று கவனித்தேன்.

சாப்பாட்டு மேஜையில் இவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. அம்மா கெட்டிலைப் பார்த்துப் பேசுவாள், அப்பா நாய்க்குச் சொல்வது போலத் தரைக்குச் சொல்வார். (எங்களிடம் நாய் இல்லை.) ஆனால் மணி அடிக்கும்போது, யாருடைய மணியை நம் மணி தாண்டுகிறதோ அவரைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் தடம் தப்பும். அதனால் சில விநாடிக்கு ஒருமுறை அம்மா அப்பாவின் கண்ணைப் பார்க்கிறாள். அப்பா அம்மாவின் கண்ணைப் பார்க்கிறார். வேறு வழியில்லை. அப்படியே மாறி மாறி.

நடுவில் நான், இரண்டு கையிலும் மணியோடு. போக்குவரத்துப் போலீஸ் மாதிரி.

நிறுத்தியதும் இருவரும் உடனே தரையைப் பார்த்துவிட்டார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வந்துவிட்டது!

எண்ணுவதை விட்டேன், வந்துவிட்டது. அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், "ரெண்டு மணின்னு நினைக்காத, ஒரே உருவம்னு பாரு"ன்னு. நான் "உருவமா, ஆவியா?" என்று கிண்டல் அடித்தேன். இன்று பார்த்தேன். கைகள் விரிகின்றன, நெருங்குகின்றன, உரசிக்கொண்டு கடக்கின்றன, மறுபடி விரிகின்றன. கத்தரிக்கோல் தானாகவே துணி வெட்டுவது போல. ஒரு சுற்று முழுக்கத் தப்பில்லாமல் வந்தது. அம்மா "நில்" சொன்ன பிறகும் என் கைகள் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டன.

"இந்த வேகத்துல போனா மார்ச்சுலயே முடிச்சிடலாம் ஹிலரி" என்றார் அப்பா.

"ம். முடிச்சிடலாம்" என்றாள் அம்மா.

சந்தோஷத்தில் மாடிப்படி பாதி ஏறினேன். பாதியில் நின்றேன்.

முடிச்சிட்டா என்ன ஆகும்? என்ன ஆகும்னு தெரியாதா உனக்கு? லூசு. நீயே உட்கார்ந்து நீயே கதவைத் திறந்து விடறியே. ஒரு ஜன்னலைத் திறக்கத் தெரியாத மனுஷனுக்கு நீ எதுக்குடி கதவைத் திறக்கணும்?

பிப்ரவரி 11

இன்று தப்பாக அடித்தேன். வேண்டுமென்றே. ரொம்ப அழகாக.

பிப்ரவரி 23, ஞாயிறு

தப்பு செய்வது சுலபம் என்று நினைப்பவர்கள் என்னிடம் பாடம் கேட்க வரலாம்.

ஆரம்பத்திலேயே விழுந்தால் "மறுபடியும்" என்பாள் அம்மா, ஐந்து நிமிஷத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுவோம். பலன் இல்லை. முடிவுக்குப் பக்கத்தில் விழ வேண்டும். அப்போதுதான் எல்லாருக்கும் கை ஓய்ந்து, "இன்னிக்குப் போதும்" என்று எழுந்திருப்பார்கள். ஆகவே முடிவு எங்கே வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காக அம்மா கொடுக்கும் குரல்களை எல்லாம், எங்கே பாப், எங்கே சிங்கிள், முழுக்க மனப்பாடம் செய்துவிட்டேன். வரலாற்றுப் பாடத்தில் ஒரு ராஜாவின் பெயர்கூட நிற்பதில்லை எனக்கு.

இடம் வந்ததும், இரண்டு மணியும் கடக்கும்போது கையை மாற்றிவிடுவேன். அம்மா பிடித்துவிடுவாள். "ப்ரை, மாத்து!" மாற்றுவேன், ஓர் அடி தாமதமாக. அது போதும். அப்பா தடுமாறுவார், ஆறு மணியும் படிக்கட்டில் உருண்ட பாத்திரங்கள் மாதிரி ஆகிவிடும்.

"சாரி."

"பரவால்லடா. செவ்வாய்க்கிழமை பார்ப்போம்."

செவ்வாய், ஞாயிறு, செவ்வாய், ஞாயிறு. இம்மி கேட்டாள், "ஃபெலிக்ஸ்டோ பீச்சுக்குப் போறோம், வரியா?" மணி இருக்கு என்றேன். "எத்தனை மணிக்கு?" என்றாள். "ஆறு மணி" என்றேன். நானே சிரித்துக்கொண்டேன், அவளுக்குப் புரியவில்லை.

எனக்குப் போகணும். கடல் வேணும். இந்த முன்னறைக் கம்பளத்துப் பூவெல்லாம் எனக்கு எண்ணிக்கையோடு தெரியும். ஆனால் நான் போனால் இவர்களும் போய்விடுவார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

பான்கேக் நாள். தவக்காலத்துக்கு முந்தின நாள் பான்கேக் சுட்டு, தூக்கிப் போட்டுப் பிடிப்பது வழக்கம். அப்பா தூக்கிப் போட்டது விளக்கு மேல்மூடியில் ஒட்டிக்கொண்டது. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். அது மெதுவாக, ஒரு முடிவெடுத்தது போல, அம்மா தலையில் விழுந்தது.

"எலுமிச்சை வேணுமா, சர்க்கரையா?" என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள் பார், கண்ணில் தண்ணீர் வரும் வரை. அப்பா அவள் முடியிலிருந்து மாவை எடுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை அங்கேயே நின்றது. சிரிப்பும் நின்றது, அதிரும் மணியை நெஞ்சோடு அணைத்தால் சட்டென்று நிற்குமே, அப்படி.

"நானே எடுத்துக்கறேன். தேங்க்ஸ்."

"பரவால்ல."

பிறகு மணி அடித்தோம். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் விழவைத்தேன். கை பழகிவிட்டது. மனசுதான் பான்கேக் மாதிரி எங்கேயோ ஒட்டிக்கொண்டு தொங்குகிறது.

மார்ச் 16, ஞாயிறு

மணியடிப்பவர்களின் வாரப் பத்திரிகையில் ஒவ்வொரு கால் பீலுக்கும் கீழே ஓர் அடிக்குறிப்பு போடுவார்கள். இன்னாரின் திருமணத்துக்கு. இன்னாரின் நினைவாக. பேரன் பிறந்ததற்கு. போன வாரம் ஒருவர் பூனையின் பல் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்ததற்கு அடித்திருக்கிறார்.

நான் பழைய இதழ்களை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். பிரிந்து போவதற்கு அடித்ததாக ஒருவர்கூடப் போடவில்லை. பூனைக்கு இருக்கிறது, எங்களுக்கு இல்லை.

அப்பா ஃப்ளாட் சாவியை வாங்கிவிட்டார். அலமாரியில் கிண்ணத்துக்குள் கிடக்கிறது. வாடகை அங்கே, வாசம் இங்கே சாமான் அறையில், மடக்குக் கட்டிலில், கால் வெளியே நீட்டிக்கொண்டு. "சத்தியம் பண்ணிட்டேனே" என்று யாரிடமோ போனில் சொன்னார்.

அப்போ என் திட்டம் பலிக்கிறது. ஜெயித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் ஜெயித்த மாதிரியே இல்லை?

மார்ச் 30, அன்னையர் ஞாயிறு

தேவாலயத்தில் கொடுத்த டாஃபடில் பூங்கொத்தோடு அம்மாவுக்காக ஜன்னலில் காத்திருந்தேன். அவள் வேலை செய்யும் மருந்துக்கடையில் சரக்குக் கணக்கெடுப்பு என்று போயிருந்தாள். கார் வந்து வேலியோரம் நின்றது. விளக்கு அணைந்தது. அம்மா இறங்கவில்லை.

ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். போன் பேசவில்லை, அழவும் இல்லை. சும்மா.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் வேன் வந்தது. அவள் காரைப் பார்த்ததும் வேகம் குறைத்து, பின்னால் தள்ளி நின்றது. அவரும் விளக்கை அணைத்தார். அவரும் இறங்கவில்லை. அவள் உள்ளே போன பிறகு போகலாம் என்று அவர். அவர் போன பிறகு போகலாம் என்று அவள். ஒரு சின்னச் சந்து, இரண்டு வண்டி, இருட்டுகிற நேரம். உள்ளே விளக்குப் போட்ட ஒரு வீடு, அதற்குள் போகத் துணியாமல் இரண்டு பேர்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சத்தியமா. இந்தக் குறும்பை நான்கூட யோசித்திருக்க மாட்டேன் என்று.

அப்புறம் கையில் இருந்த பூவைப் பார்த்தேன். தண்டு நசுங்கியிருந்தது.

இந்த வீட்டுக்குள் நான் மட்டும் மாட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. பூட்டினது யாரு?

ஏப்ரல் 6, ஞாயிறு

வேனில் அப்பாவோடு கழிவுப்பொருள் கிடங்குக்குப் போனேன். திரும்பும்போது, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"உன் தப்பு ரொம்ப சுத்தமா இருக்கு ப்ரை."

"என்ன?"

"கத்துக்கறவங்க கண்ட இடத்துல விழுவாங்க. நீ ஒரே இடத்துல விழற. விழறதுக்கு முன்னாடி மூச்சு வேற இழுத்துக்கற."

காது சூடாகிவிட்டது. பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு! பொய் வரவில்லை!

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் தடவையே. உங்கம்மா காதுக்குத் தப்புமா?"

"அப்புறம் ஏன் ரெண்டு பேரும் சொல்லல?"

"'அவளா நிறுத்தட்டும், டெஸ்'னு உங்கம்மாதான் சொன்னா." வேனை ஓரமாக ஒதுக்கி ஒரு டிராக்டருக்கு வழிவிட்டார். டிராக்டர் போன பிறகும் எடுக்கவில்லை. "எனக்கும் ஒண்ணும் அவசரம் இல்லன்னு வச்சுக்கோயேன்."

"அப்போ போகாத."

"அது வேற, இது வேறடா."

"எப்படி வேற? எனக்குப் புரியல. நீ அவளைப் பார்க்கற, அவ உன்னைப் பார்க்கறா, நான் நடுவுல உட்கார்ந்து பார்க்கறேனே!"

"மணியில பார்க்கறோம். அது நிஜம்தான்." வேனை மெதுவாக எடுத்தார். "மீதி நேரமெல்லாம் பார்க்க முடியல ப்ரை. ரெண்டு பேருக்குமே மூச்சு முட்டுது. உனக்கு முட்டலையா?"

முட்டுது. முட்டுதுப்பா. ஆனா நான் சொல்லல. ரேடியோவைப் போட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாற்காலிகளைப் போட்டாயிற்று. நான் உட்காரவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே என்னை நடிக்க விட்டீங்க. மூணு பேரும் நாடகம் போட்டோமா இவ்ளோ நாளா? டிக்கெட் வித்திருக்கலாமே!"

அம்மா மணிகளின் தோல் வளையங்களைத் தடவிக்கொண்டிருந்தாள். "நீ தப்பு பண்ணப் பண்ண, எனக்கும் இன்னொரு செவ்வாய்க்கிழமை கிடைச்சுது" என்றாள். "அது உனக்கு நல்லதான்னு நான் யோசிச்சிருக்கணும்."

அம்மா இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரிதான் பேசுவாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

"குரல் கொடுக்கற இடமெல்லாம் உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியாம எப்படிக் கெடுக்கறது?"

"அப்போ இந்தத் தடவை நீ நடத்து."

"நானா?"

"பாப், சிங்கிள், எல்லாம் நீ. முடிக்கறதும் நீ." அப்பாவைப் பார்த்தாள். மணி எடுக்காமலே பார்த்தாள். "வேண்டாம்னா வேண்டாம். நாங்க கேட்க மாட்டோம். அவர் எப்படியும் ஈஸ்டருக்குப் போயிடுவார்."

சத்தியம் என்ன ஆச்சு என்று அப்பாவைப் பார்த்தேன். அதை விடு என்பதுபோல் அவர் தலையை ஆட்டினார். விடுதலை. அதாவது எனக்கு.

சனிக்கிழமை என்றேன்.

ஏப்ரல் 12, சனி

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் உடைந்துவிடுவேன்.

மதியம். வெயில். அப்பா ஜன்னல் சட்டத்தை இழைத்திருந்தார், திறந்திருந்தது. பக்கத்து வீட்டில் புல்வெட்டும் சத்தம். ஒன்று முதல் ஆறு வரை நேர்வரிசை, பத்துப் பன்னிரண்டு முறை. "ப்ளெயின் பாப், போகலாம்" என்றேன். என் குரல் துர்லோவின் பெரிய மணி மாதிரிக் கட்டிப்போய்க் கேட்டது.

பாதிவரை எதுவும் நினைவில்லை. கைகள் போயின. "பாப்!" என்றால் அம்மாவும் அப்பாவும் என் சொல்லுக்குத் திரும்புகிறார்கள். பதினைந்து வருஷத்தில் இந்த வீட்டில் நான் சொல்லி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டது இதுதான் முதல் தடவை.

நான் வழக்கமாக விழும் இடம் வந்தது. மூச்சை இழுத்தேன், பழக்கம். இருவரும் என்னைப் பார்த்தார்கள். கடந்தேன். வலது வலதாகவே போயிற்று.

அதற்கு அப்புறம் உள்ள இடத்தில் நான் இருந்ததே இல்லை.

கடைசிச் சுற்று. ஒரு குரல் பாக்கி. அப்போது ஏதோ வழுக்கிற்று. சத்தம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் ஐந்தாம் மணி வர வேண்டிய இடத்தில் ஆறாவது வந்தது.

அப்பா. அப்பா கையை மாற்றிவிட்டார்.

அப்பா கை மாறி நான் பார்த்ததே இல்லை. அவர் கண் நனைந்திருந்தது, துடைக்கக் கை இல்லை. தெரிந்து செய்தாரா, தெரியாமலா? கேட்கப்போவதில்லை, எப்போதும்.

அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அவள் புருவம் ஏறியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நடத்துவது அவள் இல்லையே. என்னையே பார்த்தாள்.

நான் சும்மா இருந்தால் போதும். என் தப்பே இல்லை. வரிசை முடிவதுபோல முடியும், கணக்கில் சேராது, யார் மேலும் பழி இல்லை. "யார் மேலயும் தப்பு இல்ல." இன்னொரு செவ்வாய்க்கிழமை. இன்னொரு தடவை சந்தில் இரண்டு வண்டி.

"அப்பா, மாத்து!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து வீட்டுப் புல்வெட்டி நின்றது. அப்பா மாற்றினார். அந்த அடியிலேயே, தாமதம் இல்லாமல். ஐந்து ஐந்தாக, ஆறு ஆறாக.

"பாப்!" கடைசிக் குரல். மணிகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு.

"அவ்வளவுதான்."

பிறகு "நில்" சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நான் சொல்லாதவரை யாரும் நிறுத்தக்கூடாது, அதுதான் சட்டம். அவர்களும் நிறுத்தவில்லை. ஒன்று இரண்டு மூன்று நாலு ஐந்து ஆறு. மறுபடி. மறுபடி. கடப்பது இல்லை, திருப்பம் இல்லை, ஆளாளுக்கு அவரவர் இடம். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத வரிசை அது. இருந்தாலும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோகமாகக்கூட இல்லை. ரயிலில் கூட வந்தவரைப் பார்ப்பதுபோல.

அப்பாவின் தோள் இறங்குவது தெரிந்தது. அம்மாவின் மணிக்கட்டு வலிப்பதும் தெரிந்தது. அவள் முகத்தை வைத்தே எனக்குத் தெரியும்.

"நில்" என்றேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பத்திரிகைக்கு அனுப்ப அம்மா லேப்டாப்பைத் திறந்தாள். "அடிக்குறிப்புல என்ன போடட்டும்? நடத்தினவ நீதான், நீ சொல்லு."

பூனைப் பல் ஜோக் மூன்று தயாராக வைத்திருந்தேன். ஒன்றையும் சொல்லவில்லை.

"'வீட்டில், மூவரும்'னு போடு."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

ஏப்ரல் 19

அப்பா போனார். மடக்குக் கட்டிலை மடக்கினோம், அது என் விரலைக் கடித்தது. அதற்காகத்தான் அழுதேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

தண்டனை முடிந்தது. துர்லோ என் சட்டைப்பையைச் சோதனை போட்டுவிட்டுத்தான் கயிற்றைத் தந்தார்.

"தோல் கீல் வச்சிருக்கியா?"

"என் தோல் மட்டும்தான் சார்."

அம்மா நாலாவது மணி. அப்பா இப்ஸ்விச்சிலிருந்து வந்து ஐந்தாவது. ஆராதனை முடிந்ததும் வெளியில் நின்று இருவரும் என்னவோ பேசினார்கள். வீட்டுக்கு வந்து சந்திலே காரை நிறுத்தியதும் அம்மா உடனே இறங்கிவிட்டாள்.

மே 10, சனி

அப்பாவின் ஃப்ளாட். மூன்றாம் மாடி, ஜன்னலில் துறைமுகத்து கிரேன்கள். ஜன்னல் திறக்கிறது. நாற்காலி ஒன்றுகூட இல்லை, தலைகீழாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து டோஸ்ட் சாப்பிட்டோம். "வாளிக்கு வாடகை எவ்ளோ?" என்றேன்.

பழைய சாமான் கடைக்குப் போனோம். மெத்தை வைத்த நாற்காலி ஒன்று நன்றாக இருந்தது, மலிவும்கூட. அப்பா உட்கார்ந்தார். இரண்டு கையையும் தூக்கினார், இறக்கினார், ஒன்றுமில்லாத கையால். முழங்கை கைப்பிடியில் முட்டியது. எழுந்துவிட்டார். கடைக்காரி ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மூலையில் சாதாரண மர நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் உட்கார்ந்து பார்த்தார். தூக்கினார், இறக்கினார். முட்டவில்லை.

"எத்தனை வேணும்?" என்றாள் கடைக்காரி.

"மூணு" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னேன், அப்பா மூணு நாற்காலி வாங்கியிருக்கார்னு. அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. ஒன்றை முழுக்கச் சீவி முடித்து, தண்ணீரில் போட்டாள்.

"கை இல்லாததுதானே?" என்றாள்.